விளக்கு வெடிப்பது கண்ணூறு அல்ல, தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளக்குச் சுடரில் சகுனம் பார்ப்பது நம்ம பக்கம் பழைய வழக்கம்தான். சுடர் நிமிர்ந்து நின்றால் நல்லது, படபடவென்று வெடித்தால் கண்ணூறு, திரியில் பூப் பூத்தால் விருந்தாளி. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் காலத்தில் இதையே காட்டிப் பரிகாரத்துக்குக் காசு கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறோம்.

வெடிப்பது தண்ணீர். கழுவிய விளக்கை ஈரத்தோடு ஏற்றினால் நீர் எண்ணெய்க்கு அடியில் தங்கும். திரியில் அது ஏறினால் சுடருக்குக் கிட்ட சட்டென ஆவியாகித் தெறிக்கும். விளக்கைத் துடைத்து வெயிலில் காயவையுங்கள், கண்ணூறு தானாகப் போய்விடும்.

திரி நுனி அரை அங்குலம் நீண்டால் புகை கக்கும். ஒரு நெல்மணி அளவு வெளியே நின்றால் போதும். 'பூ' என்பது நுனியில் எரியாமல் திரண்ட கரி. எண்ணெயில் மண்டி இருந்தாலோ திரி தடித்தாலோ சீக்கிரம் திரளும். ஈர்க்கால் தட்டிவிட்டால் சுடர் எழும்பும். நைலோன் கலந்த நூலில் திரி திரிக்கவே கூடாது. உருகி எண்ணெயை ஏறவிடாது.

சுடர் சாய்வது காற்றால். கச்சான் என்ற மேல்காற்று வீசும் நாளில் மேற்கு வாசலைத் திறந்து வைத்தால் எல்லா வீட்டுச் சுடரும் கிழக்கேதான் சாயும்; அத்தனை பேருக்குமா ஒரே கிரகம்? மாரியில் விடியற்புறம் 24 பாகை செல்சியஸ் அளவில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும், விளக்கு நூரும். பாதி நல்லெண்ணெய் கலந்தால் இந்தத் தொல்லை குறையும்.

சகுனம் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள், எண்ணெயை வடித்து, திரியை மாற்றி, யன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்கட்டும்.

ஆலயத் தொண்டர்கள்,
மட்டக்களப்பு