எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கம், வண்ணார்பேட்டை, திருநெல்வேலி: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினமும் குடியரசு தினமும் கொடியேற்றி மிட்டாய் வழங்கிக் கொண்டாடப்பட்டன. பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. தெருவிளக்குகள் சரிசெய்யப்பட்டன.

சனிக்கிழமை மனநலக் கூட்டங்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டைக் கழுவி வெள்ளையடித்த பிறகும், வானம் இருட்டினாலே சாமானை மாடிக்கு ஏற்றுகிறவர்களும் தூக்கம் கெட்டவர்களும் நம் தெருவில் இருந்தார்கள். அதனால்தான் உளவியல் சிகிச்சையாளர் ஒருவரை அழைத்து வந்தேன்.

"மாத்திரை எழுத மாட்டார் என்றால் அந்த அம்மா எதற்கு?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர் வேலை. இவர் பேச்சின் வழியாகச் சிகிச்சை தருபவர். அதற்கு முன் மன அழுத்தத்தையும் மனிதர்கள் அதைச் சமாளிக்கும் விதங்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஆறுதல் சொல்ல வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்த வழி எப்போது உதவும் என்று பிரித்துச் சொல்ல இந்தப் படிப்பு வேண்டும்.

மன அழுத்தத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஹான்ஸ் செல்யே 1936-ல் எலிகளிடம் கண்டதை அந்த அம்மா விளக்கினார். குளிரோ காயமோ நச்சு மருந்தோ, உடல் முதலில் பதறுகிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, நீண்டுகொண்டே போனால் ஓய்ந்துவிடுகிறது. சரி, ஒரே வெள்ளம் அடுத்தடுத்த வீட்டாரை ஏன் வேறு வேறு மாதிரி பாதிக்கிறது? இதற்கு லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1984-ல் எழுதியதைச் சொன்னார். இதனால் எனக்கு என்ன ஆபத்து, என்னால் என்ன செய்ய முடியும் என்று மனம் போடும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. மாற்ற முடிந்ததை மாற்ற வேண்டும். முடியாததற்கு மனதை ஆற்ற வேண்டும். நனைந்துபோன கல்யாண ஆல்பத்துக்கு அழுது தீர்ப்பதும் தேவைதான் என்று அவர் சொன்னபோது பல பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைப்பதும், முதியவர்களை எந்த மாடி வீட்டில் தங்கவைப்பது என்ற பட்டியலும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாயின. மேலும் உதவி தேவைப்படுவோருக்கு 14416 என்ற இலவச டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணைக் கொடுத்தோம்.

ஆனால் ஆண்கள் பலர் வாசல்வரை வந்து, "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு" என்று திரும்பிப் போனார்கள். செயற்குழுவில் சிலர் ஒரு கூட்டத்துக்கும் வராமலே செலவைப் பற்றிக் கேட்டார்கள். அந்த அம்மா கட்டணம் வாங்கவில்லை. ஆட்டோவுக்கும் காப்பிக்கும் ஆனதுதான் செலவு.

வரவு செலவு ஏறக்குறைய சமம்; சிறிது கையிருப்பு உண்டு. விவரம் பொருளாளரின் நோட்டில் இருக்கிறது. பாதி வீடுகளில் சந்தா பாக்கி. கேட்டுப் போனால் "அப்புறம் தாரேன்" என்கிறார்கள். வெள்ளத்தன்று சங்கத்தைத்தான் முதலில் கூப்பிட்டோம் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்தவர், நாற்காலி எடுத்துப்போட்ட பிள்ளைகள் அனைவருக்கும் நன்றி.

ஐப்பசி மழைக்கு முன் மறுபடி வர அந்த அம்மா சம்மதித்திருக்கிறார். என் பதவிக்காலம் முடிகிறது. வேறு யார் பொறுப்பேற்றாலும் சாவியையும் நோட்டையும் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன். இந்தக் கூட்டங்களை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் இருப்பார்.

செயலாளர்