விற்கும் முன் எரர் கோட்களை அழிக்காதீர்கள்

பழைய எக்ஸ்கவேட்டர் வாங்கி விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் விற்ற வண்டிகளுக்குப் பின்னால் மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். கனரக இயந்திரங்களின் எலக்ட்ரிக்கல் வேலைதான் என் பிழைப்பு. உங்களால் எனக்கு வேலை வருகிறது என்பதும் உண்மைதான். அதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று சில நாள் எனக்கே தெரிவதில்லை.

ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்தால் வாங்குபவர் கண்ணில் படும். டிராக் செயின் தேய்ந்திருந்தால் குனிந்து பார்த்தாலே தெரியும். இன்ஜின், பம்ப் என்று ஒவ்வொன்றையும் நடத்தும் குட்டிக் கணினிகளான கன்ட்ரோலர்களுக்கு நடுவே பேச்சு அறுந்து அறுந்து வரும் கோளாறு அப்படியில்லை. கோளாறு வந்ததும் வண்டி தானே பதிந்து வைக்கும் எரர் கோட்களை அழித்துவிட்டால், வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு வண்டி சமர்த்தாக இருக்கும். சைட்டுக்குப் போய் வேலை சூடுபிடித்த பிறகுதான் மானிட்டரில் ‘கம்யூனிகேஷன் எரர்’ வரும். ஆக்சிலரேட்டர் டயலைத் திருப்பினாலும் இன்ஜின் கேட்காது, பூம் என்கிற பெரிய கை ஆமை வேகத்தில் ஏறும்.

அண்மையில் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். காலையில் நன்றாக ஓடும், முக்கால் மணி நேரம் கழித்து மானிட்டர் அலறும். வாங்கியவர் ஏற்கெனவே இன்ஜின் கன்ட்ரோலரை மாற்றிவிட்டார். வண்டி விலையில் கணிசமான பங்கு அதற்கே போயிருந்தது, கோளாறு மட்டும் போகவில்லை. எரர் பக்கத்தைத் திறந்தால் காலி. விற்றவரும் அழித்திருக்கிறார், கன்ட்ரோலர் மாற்றியவரும் அழித்திருக்கிறார்.

சரி என்று பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டு கோளாறு பார்க்கும் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். கேன் பஸ் என்பது கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் முறுக்கிய இரண்டு வயர். அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். இரண்டும் இணையாகச் சேர்வதால் மீட்டர் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை கழன்றிருக்கிறது, 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சொருகியிருக்கிறார்கள், பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இரண்டு வயரும் உரசிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டியில் சுத்தமாக 60 காட்டியது. அவசரக்காரன் அங்கேயே ‘வயரிங் நல்லாயிருக்கு’ என்று எழுதிக் கொடுத்திருப்பான்.

மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, வயர் கட்டான ஹார்னஸைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனேன். கேபினுக்கு அடியில், கிளாம்பைத் தாண்டிய இடத்தில் எண் 120க்குத் தாவியது. கையை எடுத்தால் மறுபடி 60. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தேன். எப்போதோ ஜிபிஎஸ் பெட்டி வைத்தவர் கேன் வயரை வெட்டி, அதன் வயரையும் சேர்த்துக் கையால் முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார். பெட்டியைக் கழற்றிவிட்டார்கள், ஒட்டு மட்டும் அங்கேயே இருந்தது. பிரஷர் வாஷ் தண்ணீர் உள்ளே இறங்கி, தாமிரம் பச்சைப் பொடியாகியிருந்தது. அந்த ஒரு விரல் நீளத்தை வெட்டி எடுத்து, முறுக்குக் குலையாமல் சேர்த்து, தண்ணீர் புகாத ஸ்லீவ் போட்டதோடு கோளாறு தீர்ந்தது. கழற்றிப் போட்ட கன்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லை.

இதில் எரர் கோட் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது.

கம்யூனிகேஷன் கோட் என்பது ஒரு கன்ட்ரோலர் இன்னொன்றைப் பற்றிச் சொல்லும் புகார். போனில் ‘உங்க குரல் கேட்கலையே’ என்று கத்துபவர் காதில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. ஆனால் புகார் சொன்ன கன்ட்ரோலரைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். பஸ் நடுவில் அறுந்தால் இந்தப் பக்கத்துக் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூடும், அந்தப் பக்கத்தை மட்டும் காணோம் என்று சொல்லும். யார் யாரைக் காணோம் என்கிறார் என்று வரிசையாகப் பார்த்தாலே, அறுந்த இடம் ஏறக்குறைய எங்கே என்று தெரிந்துவிடும். மானிட்டரும் பம்ப் கன்ட்ரோலரும் சேர்ந்து இன்ஜினைக் காணோம் என்றால் நான் எதற்குக் கேபின் கூரையைப் பிரிக்கப் போகிறேன்? நீங்கள் அழிப்பது வெறும் எண்ணை அல்ல, என் வரைபடத்தை.

எஸ்ஏஇ ஜே1939 என்ற, கனரக வண்டிகளுக்கான பொதுத் தகவல் முறையில் பேசும் இன்ஜின்களில் இன்னொரு வசதியும் உண்டு. எரர் கோடில் வரும் 639 என்ற எண் அந்த நெட்வொர்க்கையே குறிக்கும். கூடவே 9 வந்தால் தகவல் உரிய நேரத்துக்கு வரவில்லை என்று பொருள், 19 வந்தால் வந்த தகவலே பிழை. எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையும் 126 வரை சேர்ந்துகொண்டே போகும். ஒரே ஒரு முறை என்றால் என்றைக்கோ பேட்டரியைக் கழற்றியபோது பதிவானதாக இருக்கலாம். 126இல் நின்றால் அது நாள்பட்ட நோய். அழித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

‘ஓடுதே, அப்புறம் என்ன?’ என்பீர்கள். குட்டையான கேன் பஸ் ஒரு முனை ரெசிஸ்டர் இல்லாமல்கூடச் சமாளித்து ஓடும். ஓடுவதை வைத்து நல்லது என்று சொல்ல முடியாது.

நான் கேட்பது பெரிதில்லை. வண்டி உங்கள் கைக்கு வந்த அன்றே எரர் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், இப்போது இருப்பது, முன்பு வந்து போனது இரண்டையும். அழிக்காமல் விட்டால் இன்னும் நல்லது. டிராக்கர், கேமரா என்று எதையாவது வயரில் ஒட்டியதோ பிரித்ததோ தெரிந்தால் எந்த இடம் என்று சொல்லிவிடுங்கள், சொன்னதற்காக யாரும் விலையைப் பாதியாகக் குறைக்கப் போவதில்லை. கன்ட்ரோலரை மாற்றியிருந்தால் அது எந்த மாடலிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருக்கும் புரோகிராம் வேறாக இருந்தால் மற்ற கன்ட்ரோலர்கள் அதனோடு ஒத்துப்போகாது, நான் இல்லாத வயர் கோளாறைத் தேடிக்கொண்டிருப்பேன்.

கழற்றிய பழைய கன்ட்ரோலரைக் காயலான் கடைக்குப் போடாமல், ஒரு சாக்கில் கட்டி சீட்டுக்குப் பின்னால் வைத்து வண்டியோடு அனுப்புங்கள். நான் அதைத்தான் முதலில் மாட்டிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்கு அடியில் படுத்திருக்கும் ஓர் எலக்ட்ரீஷியன்