மூட்டையை எண்ணிப் பார்க்கும் இயக்குநர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கூட்டுறவுக் கடன் சங்கத் தேர்தல் குறித்த உங்கள் தலையங்கம் படித்தேன். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், பதவிக்காலம், தணிக்கை பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் சரி, ஆனால் இயக்குநர் நாற்காலியில், அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழுவில், உட்காருகிறவரின் சுபாவம் பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். சங்கத் தலைவர் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறவர் எதற்கும் கையெழுத்துப் போடுவார், கோபக்காரர் நியாயமாகவே கேட்டாலும் கூட்டம் சண்டையில் முடிந்து, அப்புறம் கேட்ட விஷயமே மறந்துபோகும்.

திருவாரூர் பக்கம் ஒரு சங்கத்தில் நான் இயக்குநராக இருந்தபோது, குறுவைக்கு வந்த உரத்தின் இருப்புப் பட்டியலுக்கு எல்லோரும் ஒப்புதல் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். குழுவில் அதிகம் பேசாத ஓர் அம்மா மட்டும் கிடங்குக்குப் போய் எண்ணிவிட்டு வந்து, பதிவேட்டில் உள்ளதைவிட 16 யூரியா மூட்டை குறைகிறது என்று குரல் உயர்த்தாமல் சொன்னார். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவரைப் போன்றவர்கள் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள், யாரும் அவர்களிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆகவே புதிய குழுக்களுக்குப் பயிற்சி தரும்போதே கூட்டுறவுத் துறை இதைச் சொல்லட்டும்: பேசாதவரிடம் முதலில் கருத்துக் கேட்க வேண்டும், தலைவர் கடைசியாகப் பேச வேண்டும், மாதம் ஓர் இயக்குநர் முறைவைத்துக் கிடங்கையும் நகைக்கடனுக்கு அடகு வைத்த நகைப் பைகளையும் நேரில் பார்க்க வேண்டும், மறுத்தவரின் காரணம் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

– முன்னாள் இயக்குநர் ஒருவர், மன்னார்குடி