வேறு வைப்பது பிரிவினை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மேலைநாட்டு இசைக்குழுக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், நார்வே நாட்டுப் பாடகரும் பாடலாசிரியருமான எர்லென்ட் ஓயே 'எந்தக் குழுவிலும் நிலைக்காதவர்' என்று ஒரே வரியில் குறிக்கப்பட்டிருந்தார். காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் 22 ஆண்டுகளாக மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துவருபவன் நான். ஓயேயின் பாடல்களோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. அந்த வரி அவருடைய வரலாற்றுக்குப் பொருந்தாது என்பது மட்டுமன்றி, அப்படிப்பட்ட பேச்சு நம் ஊர்ப் பாடகர்களுக்குக் கெடுதல் செய்வதை நேரில் கண்டிருப்பதாலும் இதை எழுதுகிறேன்.

ஓயே 1975ஆம் ஆண்டு நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரில் பிறந்தவர். ஆண்டுக்கு 200 நாள்களுக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. பள்ளித் தோழரான எய்ரிக் கிளாம்பெக் போவுடனும் வேறிரு நண்பர்களுடனும் சேர்ந்து பதின்ம வயதிலேயே 'ஸ்கூக்' என்றொரு குழுவை நடத்தினார். அந்தச் சொல்லுக்கு நார்வே மொழியில் காடு என்று பொருள். பின்னர் லண்டன் சென்று வேறொரு குழுவில் இருந்தார். அதன்பின் பழைய தோழரோடு மீண்டும் கைகோத்து, 'கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ்' என்ற பெயரில் இருவர் மட்டுமான குழுவாக 2001இல் வெளியிட்ட இசைத்தொகுப்புதான் அவரை உலகறியச் செய்தது. 'அமைதியே இனி உரத்த ஒலி' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. ஒருவர் நைலான் தந்திக் கிட்டாரிலும் மற்றவர் எஃகுத் தந்திக் கிட்டாரிலும் மீட்ட, இரு குரல்களும் பக்கத்தில் உறங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் தணிந்து ஒலிக்கும். ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு நடுவே விடிய விடிய வாசித்துவிட்டு, காதில் இரைச்சல் அடங்காமல் வேனில் ஊர் திரும்பும் அதிகாலைகளில் நான் கேட்பது அந்தப் பாடல்களைத்தான்.

புகழ் கிடைத்ததும் அதே பாணியில் இன்னொரு தொகுப்பைக் கொண்டுவருவதே வழக்கம். ஓயே அதைச் செய்யவில்லை. அந்த இருவர் குழுவில் பெயர் பெற்ற அவர், 2003இல் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட 'அன்ரெஸ்ட்' என்ற முதல் தனித்தொகுப்பைப் பத்து நகரங்களில், பத்து வெவ்வேறு மின்னிசைக் கலைஞர்களோடு பதிவு செய்தார். அதற்கு முன்பே 'ரோய்க்சொப்' என்ற நார்வே நாட்டு இருவர் மின்னிசைக் குழுவின் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடி அந்த வகை இசையில் அவர் தோய்ந்திருந்தார். கணினியில் உருவான தாளம் எவ்வளவு விறுவிறுப்பாக ஓடினாலும் அதை மிஞ்ச வேண்டும் என்று அவர் குரலை உயர்த்துவதில்லை என்பதை, மேடையில் கீபோர்டோடும் ரிதம் பேடோடும் போட்டி போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளும் நம் பாடகர்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

தனித்தொகுப்பு வந்ததோடு பழைய குழு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மறு ஆண்டே, அதாவது 2004இல், இருவரின் அடுத்த தொகுப்பு வெளிவந்தது. கனடா நாட்டுப் பாடகி ஃபீஸ்ட் அதில் இரு பாடல்களில் குரல் கொடுத்தார். இதற்கிடையே பெர்லினில் ஓயே தொடங்கியிருந்த 'தி வைட்டஸ்ட் பாய் அலைவ்' என்ற குழுவின் கதை, என் போன்ற குழுக் கலைஞர்களுக்கு மிகவும் நெருக்கமானது. கணினி வழி நடன இசைக்காக உருவான அந்தக் குழு, முன்பே பதிந்து வைத்த ஒலிகளைப் படிப்படியாக விலக்கிவிட்டு, டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு, கிட்டார் என்று நான்கு பேர் கையால் வாசிப்பது மட்டும்தான் இசை என்ற முடிவுக்கு வந்தது. நம் மேடைகளில் இன்று டிராக்கை ஓடவிட்டு, வாசிக்க வேண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் நடந்தது இதற்கு நேர்மாறான திசை.

கட்டுரையாளர் ஒரே ஓர் ஆண்டை மட்டும் பார்த்திருந்தால்கூட அந்த வரியை எழுதியிருக்கமாட்டார். 2009இல் பெர்லின் குழு ஆட வைக்கும் தாளத்தோடு தன் இரண்டாவது தொகுப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் பெர்கன் தோழர்கள் இருவரும் தாளக்கருவியே இல்லாத ஒரு தொகுப்பை வெளியிட்டனர். இரண்டிலும் பாடியவர் ஓயே. பெர்லின் குழு 2014இல் கலைந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டிலேயே ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் ரெகே என்னும் ஜமைக்கா பாணி இசை வாசிக்கும் ஒரு குழுவோடு அவர் பதிவு செய்த இரண்டாவது தனித்தொகுப்பு வந்தது. அதற்கும் முன்பே அவர் தாயாரோடு சிசிலித் தீவின் சிராகூசா நகரில் குடியேறி, 2013இல் இத்தாலிய மொழியில் ஒரு பாடலை வெளியிட்டு, அவ்வூர்க் கலைஞர்களோடும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். பெர்கன் தோழரோடு 12 ஆண்டுகள் புதுத்தொகுப்பு எதுவும் இல்லாமல் இருந்து, ஐந்து நகரங்களில் ஐந்து ஆண்டுகளாகப் பதிவு செய்ததை இருவரும் 2021இல் வெளியிட்டனர். பள்ளி நாளில் தொடங்கிய கூட்டு, அவர் 46ஆம் வயதை நெருங்கியபோதும் தொடர்ந்தது என்றால், அவரையா நிலைக்காதவர் என்பது?

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணம் ஆனதும் பெற்றோரே முன்னின்று, அரிசி பருப்பு முதல் பாத்திரம் பண்டம் வரை கொடுத்து, அதே வீட்டுக்குள் இளையவர்களுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். சமையல்தான் தனி, வளவு என்னும் உள்முற்றப் பகுதியும் முகப்பும் பொது, முன்னோருக்குச் செய்யும் படைப்பும் பொது. அதைப் பகை என்று எவரும் சொல்வதில்லை. தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் பக்குவம் பிள்ளைக்கு வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதுபோலவே பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களை ஊரைவிட்டு ஓடியவர்கள் என்று யாரும் பேசியதில்லை. குடும்பத்துக்கும் தொழிலுக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நியாயம், பாட்டுக்காரன் என்று வரும்போது மட்டும் நமக்கு மறந்துபோகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்துக் குழு ஒன்றில் பாடிய இளைஞர் ஒருவர், தாமே எழுதி மெட்டமைத்த ஏழெட்டுப் பாடல்களை வைத்திருந்தார். திருவிழா மேடையில் கமிட்டியார் கேட்பது திரைப்படப் பாடல்களைத்தான் என்பதால் அவற்றுக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஒரு பழைய வீட்டின் வளவில், மைக் இல்லாமல், ஒற்றைக் கிட்டாரோடு ஒரு மாலை அவற்றைப் பாடினார். நாற்பது பேர் போல இருந்திருப்போம். மழை ஓய்ந்து கூரை ஓடுகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம்கூடப் பாட்டோடு சேர்ந்து கேட்டது. மறுவாரமே, 'தனியாகப் போகிறவனுக்கு இங்கே இடமில்லை' என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. தம்பி இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறார். பாடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

எனவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள், அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்பது. இடம் கிடைக்குமானால், சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடும் நம் மாவட்டத்து இளைஞர்களைப் பற்றியும் ஞாயிறு இணைப்பில் எழுதுங்கள். விவரம் திரட்டித் தர நான் அணியமாக இருக்கிறேன். திருத்தம் வெளிவந்தால், அதை வெட்டியெடுத்துத் திருப்பூருக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுவின் கிட்டார் கலைஞர் ஒருவர்,
காரைக்குடி.