'டெட்' என்ற சொல்லில் ஊமையாக நிற்கும் எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற ஆங்கிலச் சொல்லில் 'பி' ஒரு காலத்தில் ஒலித்து, நாளடைவில் ஊமையாகிவிட்டது எனத் தங்கள் மொழிப் பக்கம் எழுதியிருந்தது. ஆங்கிலத்துக்குள் வந்தபோது அந்தச் சொல்லில் 'பி'யே கிடையாது.

இலத்தீனில் 'தேபேரே' என்றால் கடன்பட்டிருத்தல். 'தே' என்ற விலகலும் 'ஹாபேரே' என்ற வைத்திருத்தலும் சேர்ந்த சொல் இது. அடுத்தவருக்குரியதைத் தன்னிடம் வைத்திருப்பது என்று பொருள். இதன் எச்சம் 'தேபித்தும்', பன்மையில் 'தேபித்தா'. பேச்சில் நடு இகரம் தேய்ந்தது. 'பி'யும் 'டி'யும் அடுத்தடுத்து வந்தன. நம் வாயில் 'வெட்கம்' 'வெக்கம்' ஆவதுபோல முதல் மெய் அடுத்த மெய்யாகவே மாற, பழைய பிரெஞ்சில் 'தெத்தே' என்றாயிற்று. 1300 வாக்கில் ஆங்கிலம் வாங்கியது இந்தப் 'பி' இல்லாத வடிவத்தைத்தான்.

பிறகு இலத்தீன் கற்றவர்கள் மூலத்தை நினைவூட்ட எழுத்தில் மட்டும் 'பி'யைச் செருகினார்கள். பிரெஞ்சுக்காரர்களும் சில காலம் அப்படி எழுதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள், ஆங்கிலம் விடவில்லை. 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில், 'பி'யை ஒலிக்காதவர்களை ஒரு பள்ளி ஆசிரியர் திட்டுவார். அது பண்டிதரைக் கேலி செய்யும் காட்சி என்பதை மறக்கக் கூடாது.

ஒரே வேர் எந்த வழியாக வந்தது என்பதை எழுத்தே காட்டிக்கொடுக்கும். 'டெபிட்' இலத்தீன் வடிவத்தை ஒட்டியே வந்ததால் அதில் 'பி' ஒலிக்கிறது. உயிர்களுக்கு இடையே நின்ற 'பி' பிரெஞ்சில் 'வி' ஆகும்: 'தேபேரே' 'தெவுவார்' ஆனது, 'ஹாபேரே' 'அவுவார்' ஆனது. 'தெவுவார்' வினையின் எச்சத்திலிருந்து 'டியூ'வும், அதையொட்டி 'டியூட்டி'யும் கிடைத்தன.

வேர் தேடுபவர்கள் இன்றைய எழுத்திலிருந்து நேராக இலத்தீனுக்குத் தாவுவதால்தான் சறுக்குகிறார்கள். முதலில் சொல்லின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து பிரெஞ்சு வடிவத்தை, கடைசியாகத்தான் இலத்தீனை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' நல்ல பொறி. அதிலுள்ள 'எஸ்'ஸைப் பார்த்து, தீவைக் குறிக்கும் இலத்தீன் 'இன்சுலா'வுக்கு ஓடுவார்கள். 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, தீவைக் குறிக்கும் இன்னொரு சொல்லான 'ஐல்'தான். 'ஐலண்ட்' பழைய ஆங்கிலச் சொல், 'எஸ்' பின்னால் ஒட்டவைத்தது.

திருத்தம் வெளியிடும்போது, ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்'டையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கும் 'பி' இப்படித்தான் நுழைந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்