டிஸ்க் பிளேட் வாங்குவதற்கு முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பூவிதழாக வெட்டி, நடுவே துளை போட்ட, முன்சக்கர பிரேக்குக்கான 280 மி.மீ. டிஸ்க் பிளேட். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நம் சிபிஜெட் பைக்கில் இருக்கும் 240 மி.மீ. பிளேட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நீ கேட்கமாட்டாய். போனில் விளக்கினால் பாதியில் மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வளைவுகளுக்கு மேல் பிரேக் லீவர் தொளதொளத்துக் கைப்பிடியைத் தொட்டது, காரவள்ளியில் டீ குடித்துவிட்டு எடுத்தபோது மறுபடியும் சரியாக இருந்தது என்று எழுதியிருந்தாய். டிஸ்க் சிறியது, அதனால் தாங்கவில்லை என்பது உன் நண்பர்களின் தீர்ப்பு. நோயைக் கேட்காமலே மருந்து எழுதியிருக்கிறார்கள். லீவர் கல்லாக நின்று, வண்டி மட்டும் நிற்க மறுத்திருந்தால், பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பேடையும் பிளேட்டையும் சந்தேகப்படலாம். உனக்கு நடந்தது அது இல்லை. லீவர் இறங்கியிருக்கிறது, ஆறியதும் மீண்டிருக்கிறது. பேடுகளைப் பிளேட்டின்மேல் அழுத்தும் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்துப் புது ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தாலே போதும் என்று விதியே விட்டுக்கொடுத்துவிடுகிறது. கொதித்தால் ஆவி. திரவத்தை அழுத்தினால் காலிப்பரின் பிஸ்டன் நகர்ந்து பேடைத் தள்ளும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். நீ எவ்வளவு பிடித்தாலும் பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

வெப்பம் எவ்வளவு என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் நீயும் பையும் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் ஏறக்குறைய 50 கிலோஜூல். அது முழுவதும் ஒரு கிலோ எடையுள்ள பிளேட்டுக்குப் போனால் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வேகம் குறைவுதான், ஆனால் ஒரு வளைவின் சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. இரண்டாவது கியரில் இறங்கியிருந்தால் பாதி வேலையை இன்ஜின் செய்திருக்கும். நீ எந்த கியரில் வந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

பெரிய பிளேட்டினால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பேடு பிடிக்கும் இடம் சக்கரத்தின் நடுவிலிருந்து 20 மி.மீ. தள்ளிப்போகிறது. லீவரில் அதே விசை கொடுத்தாலும் நிறுத்தும் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். அது சும்மா இல்லை. ஆனால் இதழ் வெட்டுக்கும் துளைக்கும் நீ கொடுக்கும் கூடுதல் பணம் அலங்காரத்துக்குத்தான் போகிறது. துளைகள் மழைநீரை வழித்துவிடும், பேடின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும். மற்றபடி உலோகம் குறைந்தால் சூடு சீக்கிரம் ஏறும், அவ்வளவே. இருக்கிற பிளேட்டையே டிரில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு. துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

எனக்கு உண்மையில் பயம் பிராக்கெட்டைப் பற்றித்தான். பிளேட் பெரிதானால் காலிப்பரை வெளியே தள்ளவேண்டும், அதற்கு ஒரு பிராக்கெட் வேண்டும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை முழுவதும் அந்தத் துண்டு வழியாகத்தான், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் போகிறது. நண்பனின் பட்டறையில் கிடந்த அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம் என்கிறாய். கோவை கணபதியில் லேத் முன்னால் நின்றே காலம் தள்ளியவன் சொல்கிறேன்: எந்தக் கலவை என்று தெரியாத அலுமினியத்தில் அலமாரிக்குக் கைப்பிடி செய்யலாம். அந்த வண்டியின் மெலிந்த ஃபோர்க்கில் பிரேக் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதே. அதிகமாகப் பிடித்தால் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும்.

1999இல் அந்த வண்டியை நான் எடுத்ததற்கு முன்சக்கர டிஸ்க்கும் ஒரு காரணம். அப்போது தெருவில் ஓடியவை பெரும்பாலும் டிரம் பிரேக் வண்டிகள். உன் அம்மா நிறத்தைப் பார்த்துச் சம்மதித்தாள், அது வேறு கதை.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஆயிலை முழுவதும் மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்துவிடு. பழைய ஆயில் காப்பி நிறத்தில் வரும், பார். டேங்க் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயிண்ட் போய்விடும். ஈரத்துணி பக்கத்தில் இருக்கட்டும். காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் அந்த ரப்பர் ஹோஸ் வண்டியோடு வந்தது. ஒருவரை லீவரை அழுத்தச் சொல்லிவிட்டு ஹோஸை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார். புடைப்பது கையில் தெரிந்தால், ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வாங்கு. காலிப்பர் நகரும் பின்கள் காய்ந்து இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் போடு. சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். இரண்டு பேடுகளில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பிளேட்டை அளந்து பார். வெர்னியரால் அளக்காதே. பேடு ஓடும் பாதை தேய்ந்து, ஓரத்தில் மெல்லிய வரம்பு நின்றிருக்கும். வெர்னியரின் வாய் அந்த வரம்பின் மேல் உட்கார்ந்து, பிளேட் புதிதாக இருக்கிறது என்று பொய் சொல்லும். மைக்ரோமீட்டரைப் பாதைக்குள் நுழைத்து, சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் அளந்து எழுது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பிளேட்டிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே ஓரிடத்தில் இறங்கியிருந்தாலும் புதியது வாங்கவேண்டியதுதான்; அதே 240 அளவில், நல்ல கம்பெனிப் பிளேட்டாக. பிளேட் கோணியிருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுழற்றினால் முள் 0.3 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. புதுப் பிளேட்டோடு பழைய பேடைச் சேர்க்காதே. போல்ட்டுகளுக்குக் கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை விட்டு, எதிரெதிராக முறுக்கு.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் லீவரைப் பலமுறை அடித்துக் கெட்டிப்படுத்து. உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வரும்வரை முதல் பிடியில் பிரேக் இருக்காது. எத்தனையோ பேர் வாசலிலேயே சுவரில் போய் முட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தபின் ஏற்காடு ஒருமுறை போய் வா. அப்போதும் பற்றவில்லை என்றால் 280 பற்றிப் பேசுவோம். பிராக்கெட்டை நானே வரைந்து, நல்ல உலோகக் கட்டையிலிருந்து மில்லிங்கில் எடுத்துத் தருகிறேன்.

என் 0–25 மைக்ரோமீட்டரைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பூஜ்யம் சரிபார்த்துவிட்டு அள. அளவுகளை அன்றைக்கே எனக்கு அனுப்பு. அதே பெட்டியில் அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள். தின்ற கையோடு பேடைத் தொடாதே.

அன்புடன்,
அப்பா