மேசைமேல் ஐந்து புத்தகங்கள்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய பைகள் இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன என்றும், இரவில் அரை மணி நேரம் கிடைத்தாலும் எதை எடுப்பது என்று தெரியாமல் கைப்பேசியைப் பார்த்தபடியே தூங்கிவிடுவதாகவும் சொன்னாய். அதைச் சொன்னபோது உன் குரல் தாழ்ந்துபோயிற்று. இரண்டு நாளாக அதே நினைவாக இருக்கிறது; ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்த்த கிளை நூலகத்தில் நாள்தோறும் கண்ட ஒன்றை முதலில் சொல்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வருகிறவர்கள் அலமாரிப் பக்கம் போவதற்கு முன்னால், அன்றைக்குத் திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாமல் என் மேசையோரம் இருக்கும் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களைத்தான் புரட்டுவார்கள். பலர் அதிலேயே ஒன்றை எடுத்துக் கையெழுத்திட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். உள்ளே பதினைந்தாயிரம் நூல்கள் இருக்கும்போது இப்படிச் செய்கிறார்களே என்று தொடக்கத்தில் வருந்தினேன். பிறகுதான் புரிந்தது: பதினைந்தாயிரத்தின் முன்னால் மனம் திகைத்து நின்றுவிடுகிறது, பத்தின் முன்னால் அதனால் தேர்ந்தெடுக்க முடிகிறது. அதிலிருந்து, ஆண்டுக்கணக்காக யாரும் தொடாத நல்ல நூல்கள் இரண்டை நாள்தோறும் எடுத்து அந்தக் குவியலில் கலந்து வைக்கத் தொடங்கினேன். திருப்பித் தர வேண்டிய நாளைக் குறிக்கும் தவணைத் தாளில் கடைசி முத்திரை விழுந்து ஆறு ஆண்டாகியிருந்த ஒரு பயண நூல், மேசைக்கு வந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் வீட்டுக்குப் போய்வந்தது. புத்தகத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. கண்ணில் படாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

நீயும் இதையே செய். பைகளைப் பிரித்து எல்லாவற்றையும் முதுகுப்பக்கம் தெரிய அலமாரியில் அடுக்கிவிட்டு, ஐந்தே ஐந்தை மட்டும் உன் படுக்கையருகே உள்ள மேசையில் வை. அவற்றுள் ஒன்று, அலுவலகத்தில் அலைக்கழிந்து வரும் இரவில்கூட நான்கு பக்கம் படிக்கக் கூடியதாக இருக்கட்டும். இன்னொன்று, குழந்தை எழுந்திருப்பதற்கு முந்தைய ஞாயிறு காலையில், பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிக்க வேண்டியதாக இருக்கட்டும். மற்ற மூன்றும் உன் விருப்பம். ஒன்று இறங்கினால்தான் இன்னொன்று ஏற வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இரு.

அலமாரியிலிருந்து மேசைக்கு எது வருவது என்பதற்கு உனக்கு ஒரு நோட்டு வேண்டும். யாராவது ஒரு நூலை நல்லது என்று சொன்னால் நாம் பெயரை மட்டும் குறித்துக்கொள்கிறோம்; மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அது வெறும் பெயராக நிற்கிறது. பெயருக்குப் பக்கத்தில், சொன்னவர் யார், அதைக் கேட்டபோது எதற்காக உனக்கு ஆசை வந்தது என்று ஒரு வரி எழுதிவை. என் பழைய நோட்டில் ஒரு நூலுக்கு எதிரே, “அப்பா பேசிய சொற்கள் இதில் இருப்பதாகத் தையற்கடை அக்கா சொன்னார்” என்று இருக்கிறது. என் அப்பா மறைந்த ஆண்டு எழுதியது. அந்த ஒரு வரிக்காகவே அதை எடுத்துப் படித்தேன். ஆண்டுக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டி, எழுதிய காரணம் இப்போது உன்னை அசைக்கவில்லையென்றால் தயங்காமல் அடித்துவிடு.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனைப் பற்றி நீ சிறுமியாக இருந்தபோது சொல்லியிருக்கிறேன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காவது விதி. பயிற்சியின்போது தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தேன். ஒருபொருள் நூல்களை ஓரிடத்தில் சேர்க்கும் பகுப்பு எண் அந்த விதிக்கு எவ்வளவு உதவுகிறது என்பது நூலகத்தில் நின்று வேலை செய்தபோதுதான் தெரிந்தது. நீ சென்ற ஆண்டு ஆசையாகப் படித்த பறவை நூலின் முதுகில், மெல்வில் தூவி என்ற அமெரிக்க நூலகர் வகுத்த தசமப் பகுப்பு முறையில், 598 என்று இருக்கும். அம்முறையைப் பின்பற்றும் எந்த நூலகத்திலும் அந்த எண்ணுக்குப் போய், அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவற்றை எடுத்துப் பார். அதைவிட எனக்குப் பிடித்த வழி வேறொன்று: ஒரு நூலை மூடும்போது மனத்தில் எஞ்சி நிற்கும் கேள்வியை நோட்டில் எழுதுவது. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் ஏன் வருகின்றன என்று கேட்டால் ஏரியைப் பற்றிய நூலுக்குப் போக வேண்டும். ஏரியை யார் வெட்டினார்கள், மடையை யார் திறந்தார்கள் என்று கேட்டால் வேளாண்மையும் பொறியியலும் இருக்கும் 600 வரிசைக்கும், அங்கிருந்து வரலாற்றுக்கும் போக வேண்டும். இப்படிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அடுத்த நூல் எது என்று நீ தேடித் திண்டாட வேண்டியிருக்காது.

தொடங்கியதை முடித்தே ஆக வேண்டும் என்று மட்டும் நினைக்காதே. அந்தப் பிடிவாதத்தால் நான் இழந்தது அதிகம். நீ பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டில், ஒரு பெரிய வரலாற்று நூலைத் தொடங்கி, பிடிக்காமலும் விடாமலும் எட்டு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதமும் வேறு எதையும் படிக்கவில்லை. ஐம்பது பக்கம் வரை பொறுமையாகப் படி. அதற்கு மேலும் இழுக்கவில்லையென்றால் எந்தப் பக்கத்தில், எதனால் நிறுத்தினாய் என்று எழுதிவிட்டு அலமாரிக்கே அனுப்பு. நமக்கு வயது ஏறியபின் அதே நூல் நம்மை வேறுவிதமாக வரவேற்பதுண்டு.

பழைய நூல்களைத் தேடி வாங்கும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பார்த்துவிடு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல அங்கே இலவசமாகவே கிடைக்கின்றன.

சித்திரை முதல் நாளுக்கு வரும்போது, இனிப் படிக்கப் போவதில்லை என்று உனக்கு உறுதியாகத் தோன்றும் நூல்களை ஒரு பையில் கொண்டு வா. நம் ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு இரண்டு படக்கதை எடுத்து வரலாம். வெள்ளிக்கிழமை நூலகம் திறக்காது; அதைப் பார்த்துப் பயணச்சீட்டு எடு.

அன்புடன்,
அம்மா